களை என்பது யாது?

மலேசியத் தமிழருக்குத் தோட்டம் என்றால் ஒன்றே. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ரப்பரோ செம்பனையோ வரிசை பிடித்து நிற்கும். பெரட்டுக் களம் இருக்கும். ஆபீஸ் ஒன்று இருக்கும். அதில் கணக்கெழுதக் கிராணி ஒருவர் இருப்பார். ஜோகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தோட்டத்தில் அந்தக் கிராணி வேலை பார்ப்பவர் நாம். ஆயினும் நமக்கு மற்றொரு தோட்டமும் உண்டு. நம் வீட்டின் பின்புறத்தில், துணி உலர்த்தும் கம்பிக்கும் சாக்கடைக்கும் நடுவே, இருபதடி அகலமும் முப்பதடி நீளமுமாக அது கிடக்கின்றது. பெரிய தோட்டத்தில் பிறர் எடுத்த களைக்குக் கூலி எழுதுகின்றோம். சிறிய தோட்டத்தில் களையை நாமே குனிந்து எடுக்கின்றோம். பெரியது நமக்குச் சம்பளம் தருகின்றது. சிறியது இடுப்பு வலி தருகின்றது. இவ்விரண்டு உத்தியோகங்களையும் ஒருவரே பார்க்க நேர்ந்தமையால் நம் மனத்தில் ஓர் ஐயம் முளைத்தது. முளைத்ததைப் பிடுங்கி எறியாமல் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

செடி வளர்த்தோர் அறிவர். செடிகள் நம் பிரயாசையை மதித்து வளர்வன அல்ல. கத்தரிக்கு நாம் செய்யாத உபசாரமில்லை. ஆட்டெரு இட்டோம், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தோம், மழை மிகுந்தபோது மேடு கட்டினோம். அது சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்போல் முகங்கொடாமல் நின்று, இரண்டு காய் காய்த்து, அவ்விரண்டிலும் புழுவை வைத்தது. கறிவேப்பிலை இரண்டாண்டாக ஒரு முழ உயரத்தில் நின்று யோசனை செய்துகொண்டிருக்கின்றது. நான்கு இணுக்குத் துளிர்த்தால் அடுத்த வீட்டு அம்மையார் ரசத்துக்கென்று ஐந்து கேட்கின்றார். முருங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு கொம்பை ஒடித்து ஊன்றி மறந்துபோனோம். மறந்ததற்குப் பரிசாக அது கூரைக்கு மேல் போய்விட்டது. இத்தனைக்கும் நடுவே அழைப்பின்றி, எருவின்றி, ஒருவருடைய நன்றியையும் எதிர்பாராமல் தழைத்து நிற்பது களை. கோரையை இழுத்தால் புல் கையில் வருகின்றது. கிழங்கு மண்ணில் தங்குகின்றது. தொட்டாற்சுருங்கி நாணமுற்றதுபோல் இலையை மடக்கிக்கொண்டே முள்ளால் விரலைக் கீறுகின்றது. லாலாங் புல்லின் வேர்த்தண்டு ஊசிபோல் கூர்மையுடையது. நிலத்தடியில் தொலைவு சென்று, நாம் எதிர்பாராத மறுபக்கத்தில் தலை நீட்டும்.

நாம் இவற்றோடு போராடும் ஞாயிறு காலைகளில், ஓய்வு பெற்ற பழைய தண்டல் ஒருவர் வேலியோரம் வந்து நிற்பது வழக்கம். வயது எழுபத்தைந்துக்கு மேல். "என்ன கிராணியாரே, புல்லைப் பிடுங்குகிறீர்களா, புல்லுக்குப் பேர் பதிகிறீர்களா? நான் வந்து கால்மணி நேரமாகிறது. ஒரு பிடிகூட வெளியே வரக் காணோமே!" என்பார். அவர் கூறுவது மெய்யே. பிடித்த செடியை உடனே இழுக்காமல், இதனை எதற்காகப் பிடுங்குகின்றோம் என்று எண்ணத் தொடங்கினால் வேலை ஓடாது.

இளமையில் நாம் ஆங்கிலத்திற் பாடம் படித்தவர். களை என்பது இடந்தவறி முளைத்த செடி என்று ஆசிரியர் இலக்கணம் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். எழுதிக்கொண்டோம், பரீட்சையில் திருப்பி எழுதி மார்க்கும் பெற்றோம். பல்லாண்டு கழிந்து, கூலி ஏட்டைப் புரட்டும்போதுதான் அவ்விலக்கணத்துள் ஒரு கேள்வி ஒளிந்திருப்பது தெரிந்தது. இடத்தைக் குறித்தவர் யார்? செடி எவ்விடத்தில் முளைத்ததோ அவ்விடம் அச்செடிக்குத் தவறாகத் தோன்றியிராது. தவறு நிலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்பவருடைய கண்ணில் இருக்கின்றது.

ஜோகூர் மண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மண்ணில் அரசு வீற்றிருந்தது கம்பீர் என்னுஞ் செடி. சீனர் அதனை மிளகோடு சேர்த்து ஆற்றங்கரைகளில் பயிரிட்டனர். அதன் இலையைக் காய்ச்சி இறுக்கிய கட்டி, தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் கப்பலேறிற்று. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்களில் அக்காலத்துக் குடியிருப்புகளின் நினைவு மட்டும் தங்கியிருக்கின்றது. கம்பீர்ச் செடி எங்கேனும் முளைத்திருக்கக் கண்டால் நம் ஆட்கள் பெயர் தெரியாமலே வெட்டி எறிவர். அடுத்து வந்தது ரப்பர். பிரேசில் நாட்டிலிருந்து 1876-ஆம் ஆண்டில் விக்காம் என்பவர் கொண்டு சென்ற விதைகள் லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவ்வினம் இந்நாட்டில் வரிசை பிடித்து நிற்பதற்காக, இங்கேயே பிறந்து இங்கேயே முதிர்ந்த காட்டு மரங்கள் எத்தனை வகை களையாயின என்பதற்கு ஏடு ஒன்றும் இல்லை. பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனை. 1917-இல் சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமரம் தோட்டத்தில் அது முதன்முதல் வியாபாரப் பயிராக நடப்பட்டது. தென்னையின் பெயர் பூண்ட தோட்டத்தில் பனை முதலிடம் பெற்றது வேடிக்கையே.

இன்று ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட நிலத்தில் பழைய ரப்பர் விதை ஒன்று முளைத்தெழுமானால், அதற்குப் பெயர் களை. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அம்மரத்தின் ஒரு கீறலுக்காக ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் அதனைப் பிடுங்கக் கூலி பெறுகின்றனர். அது போகட்டும், ரப்பராவது வேற்றினம். செம்பனைக் குலையிலிருந்து உதிர்ந்த பழம் பொறுக்கப்படாமல் தாய்மரத்தின் காலடியிலேயே முளைத்தால் அதன் கதி யாது? அதுவும் களைதான். மருந்தடித்துக் கொல்கின்றோம். லாலாங்குக்கு எந்தப் பத்தியில் செலவு எழுதுகின்றோமோ அதே பத்தியில் அதற்கும் எழுதுகின்றோம். அதே சாதி, அதே குலம், அதே தாய்! பிறப்பினால் பெருமை பேசுவோர் ஒருநாள் நம் ஆபீஸுக்கு வந்து இப்பத்தியைப் பார்த்துச் செல்லலாம்.

களையைப் பற்றிப் பழைய துரைமார் கொண்டிருந்த கருத்தும் நிலைத்து நின்றதன்று. ரப்பரின் ஆதிகாலத்தில் மரத்தடியில் ஒரு புல்லும் இராதபடி சுரண்டி வைப்பதே சிறந்த நிர்வாகம் என்று எண்ணினர். சாணமிட்டு மெழுகிய கூடம்போல் நிலம் விளங்கிற்று. மழை பெய்தது, மேல்மண் ஆற்றுக்குப் போயிற்று. அதன் பின்னரே, அவரைக் குடும்பத்துக் கொடிகளைத் தாமே விதைத்து மண்ணை மூடலாயினர். இந்தியாவின் திரிபுராக் காடுகளில் வளர்ந்து, கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த முக்குனா என்னும் கொடி 1991-இல் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் வேகத்தைக் கண்டவர் அதனைப் பயிர் என்று கூறத் தயங்குவர். களையை அடக்குவதற்குக் களையினும் முரடான ஒன்றை விலை கொடுத்து வாங்கி விதைக்கின்றோம். அதற்கு மூடுபயிர் என்று மரியாதையான பெயரும் இட்டிருக்கின்றோம்.

தோட்டத்துப் பாதையோரங்களில் தர்னேரா என்னும் பூச்செடியை நட்டிருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். காலையில் மலர்ந்து நண்பகலில் கூம்பும். அழகுக்காக வைத்தார்கள் என்றே நாமும் வேலைக்கு வந்த புதிதில் எண்ணியிருந்தோம். அது அழகுக்கன்று; செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அப்பூவின் தேன் உணவு. பூவும் சம்பளமில்லாத ஊழியம் பார்க்கின்றது! அதனினும் வியப்பானது ஒரு வண்டின் கதை. செம்பனையின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு மகரந்தம் கொண்டுசெல்ல இந்நாட்டில் தக்க பூச்சி போதாமையால், முன்னாளில் ஆட்களை அனுப்பிக் கையினால் மகரந்தம் தூவச் செய்தனர். 1981-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த சிறு வண்டினத்தை, நம் குளுவாங் வட்டாரத்துத் தோட்டங்களில்தான் முதன்முதல் பறக்க விட்டனர். நெல்லின் பாதி அளவே உள்ள அவ்வண்டு அவ்வளவு வேலையையும் தானே ஏற்றுக்கொண்டது. பலவாறு சோதித்த பின்னரே அதனை உள்ளே விட்டனர் என்பது உண்மை. ஆனால் வந்தபின் அதன் ஊர் எது என்று எவரும் அதனைக் கேட்டுக் கொண்டிருக்கவில்லை. நம் வீட்டு முற்றமும் இத்தகையதே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. பப்பாளியும் அவ்வாறே. 1960-இல் நாட்டு மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் இந்நாட்டுக் காட்டில் தானே தோன்றியதன்று, வெளியிலிருந்து வந்ததே.

இனி, சற்றுக் கடினமான விஷயத்துக்கு வருவோம். நம் அன்னையார் மருந்தடிக்கும் கூட்டத்தில் பதினேழு ஆண்டு வேலை செய்தவர். முதுகில் பம்பைச் சுமந்து, காலை ஆறரை மணி முதல் செம்பனை வரிசைகளுக்கிடையே நடப்பார். அக்காலத்தில் களைக்கு அடித்த நஞ்சு பாராகுவாட். அறியாது ஒரு மிடறு உட்கொண்டவருக்கு மாற்று மருந்து இல்லை. அன்னையாரின் விரல் நகங்கள் நிறம் மாறி, வெடித்து, கழன்று, மறுபடி முளைத்ததை நாம் சிறுவயதில் கண்டிருக்கின்றோம். மூக்கில் இரத்தம் வடிந்தால் படியில் சற்று நேரம் அமர்ந்திருப்பார். நின்றபின் எழுந்து உலை வைக்கப் போவார். அம்மருந்தை 2002-இல் தடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்திற்று. 2020 ஜனவரி முதல் நாளில்தான் அடியோடு நிறுத்திற்று. அன்னையார் வேலையை விட்டது அதற்கு வெகு முந்தி. களையெடுப்புச் செலவு என்று நாம் இன்று எழுதும் பத்தியில் மருந்தின் விலை உண்டு, பம்பின் விலை உண்டு, ஆட்கூலி உண்டு. நகத்துக்குப் பத்தி இல்லை.

அந்த அன்னையாரே வேலை முடிந்து திரும்பும் வழியில், மருந்து படாத வாய்க்காலோரமாகப் பார்த்துக் குப்பைக்கீரையும் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் பறித்து மடியில் கட்டிவருவார். பகல் ஒரு மணிவரை களை என்று கொன்றதை ஒன்றரை மணிக்குக் கீரை என்று ஆய்ந்தார். பள்ளியில் களையின் இலக்கணம் படித்த புதிதில், "இதுவும் களைதானே அம்மா?" என்று கேட்டோம். "தொரைக்குத்தானடா அது களை, நமக்குக் கீரை" என்றார். பள்ளி ஆசிரியர் சொன்ன இலக்கணத்திலும் இது திருத்தமானது என்பது நம் துணிபு. யாருக்குக் களை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிடில் களை என்ற சொல் முடிவு பெறுவதில்லை.

ஆயின் களையெடுக்கலாகாது என்று கூற வந்தோமா? இல்லை. நம் எலுமிச்சையின்மேல் மிக்கானியாக் கொடி ஏறியபோது, அதன் பிறப்புரிமையைப் பற்றி ஆராய்ந்துகொண்டு நாம் நிற்கவில்லை. வேரோடு இழுத்து வெயிலில் போட்டோம். எல்லாவற்றையும் இருக்கவிட்ட தோட்டத்தில் எலுமிச்சை இராது. எலுமிச்சை நமக்கு வேண்டும். ஆகையால் கொடி வேண்டா. இவ்வளவே செய்தி. கொடி ஒரு பிழையும் செய்யவில்லை. பிடுங்குவது நம் தேவை. தேவையைச் செடியின் குற்றமாக எழுதிவைப்பதுதான் பொய்.

இப்பொய்யைச் செடியோடு நிறுத்தினால் நஷ்டம் அதிகமில்லை. மனிதரை நோக்கி இச்சொல்லை வீசும்போதுதான் நமக்கு அச்சம் உண்டாகின்றது. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொலையிற் கொடியவரை அரசன் ஒறுத்தலைப் பயிர்க்குக் களைகட்டலோடு ஒப்பிட்டிருக்கின்றார். இதனை மேடையில் எடுத்துக் கூறுவோர் பலர், ஒரு நுணுக்கத்தை விட்டுவிடுகின்றனர். வள்ளுவரின் களை, செயலால் ஆன களை. இன்னார் மகன், இன்ன ஊரான், இன்ன மொழியான் என்பதற்காக ஒருவனைக் களையென்று அவர் கூறினாரில்லை. குற்றத்தை ஆராய்ந்து தெளிவதும் அவ்வதிகாரத்தில் அரசனுக்கு விதித்த கடமையே.

இந்நாட்டில் 1987-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் போலீசார் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தனர். அரசியல்வாதிகள், ஆசிரியர்கள், சமூக ஊழியர்கள் எனப் பலதரத்தார்; விசாரணையின்றி அடைத்து வைக்க அக்காலத்துச் சட்டம் இடங்கொடுத்தது. பத்திரிகைகள் மூன்றின் அனுமதியும் நிறுத்தப்பட்டது. அந்நடவடிக்கைக்கு வைத்த பெயர் லாலாங்! அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. பெயர் நினைவில் நிற்கின்றது. புல்லைப் பிடுங்குமுன் எவரும் புல்லிடம் வாக்குமூலம் வாங்குவதில்லை. மனிதருக்குப் புல்லின் பெயரைச் சூட்டினால், கேட்காமலே பிடுங்குவதும் இயல்பாகத் தோன்றிவிடுகின்றது. எலுமிச்சை விஷயத்தில் நாம் கூறிய தேவை என்ற நியாயமும் இங்கே செல்லாது. ஏனெனில் மனிதன் மற்றொருவனுடைய தோட்டத்துப் பயிராகப் பிறந்தவனல்லன்.

இவ்வளவு தெளிவாக எழுதுகின்ற நாம், பேசவேண்டிய இடத்தில் என்ன பேசினோம் என்பதையும் கூறிவிடுதல் முறை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, தண்டல் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு லயத்தின் பக்கம் பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்த வரிசையில் இப்போது வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசியரும் குடியிருக்கின்றனர். "களை மாதிரி மண்டிவிட்டார்கள், கிராணியாரே. இந்த இடம் நாம் காட்டை வெட்டி உண்டாக்கியது" என்றார். அவருடைய தந்தையார் கங்காணியின் பின்னே கப்பலேறி வந்தவர். உதவிப் பணம் பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்துவதற்குச் சில ஆண்டுகளே முந்திய வரவு. பெண்டாத்தாங், அதாவது வந்தேறி, என்று தம்மை ஒருவன் சந்தையில் ஏசியதை இன்றும் கண் சிவக்கச் சொல்பவர் இவர். இவருடைய சொந்தப் பேரன் செம்பனைக் குலை வெட்ட வரமாட்டேன் என்று சிங்கப்பூருக்குப் போனதும் நமக்குத் தெரியும். இவற்றையெல்லாம் அன்போடு எடுத்துக் கூறினோம் என்று எழுதவே ஆசை. ஆனால் நாம் கூறியது, "ம்" என்பதே. பெரியவர் மனம் புண்படுமே என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொண்டோம். அந்த "ம்" பல நாள் நம் தொண்டையில் இருந்தது.

இந்நிலையில் நம் வேலியில் ஒரு கொடி முளைத்தது. பறவை போட்ட விதையாக இருக்கலாம். சிவந்த தண்டும் கொழுத்த இலையுமாக, வாரந்தோறும் அறுத்து எறிந்தும் விடாமல் வந்தது. நான்காம் வாரம் அறுத்துக்கொண்டிருக்கையில், சைக்கிளில் போன வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் இறங்கி நின்று, "அபாங், எறிய வேண்டா, எனக்குக் கொடுங்கள்" என்று மலாயில் கேட்டார். அவர்கள் ஊரில் அதற்குப் பூய் என்று பெயராம். வீட்டில் காட்டினோம். "கொடிப்பசலை! இதையா ஒரு மாதமாக அறுத்து எறிந்தீர்கள்?" என்று இல்லாள் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் மறுமொழி கூறவில்லை. களையைக் கீரையென்று கண்ட தாயின் மகனுக்குக் கீரையையே களையென்று எண்ணத் தோன்றியது. ஆங்கிலப் படிப்பின் மீது பழியைப் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டோம்.

அவ்விளைஞர் மாலையில் மூங்கிலோடு வந்து பந்தல் கட்டினார். மூன்று துண்டுகளை அடியில் ஊன்றினார். மழைக்காலமாதலின் ஆறு வாரத்தில் பந்தல் நிறைந்தது. பின்னொரு ஞாயிறு, அவர் அக்கீரையை இறால் சேர்த்துச் சமைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தண்டல் அங்கிருந்தார். கிண்ணத்தைச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் உண்டார். பின்பு பேசாமல் பாதிக்குமேல் உண்டார். "நம்ம பசலைதான். கொஞ்சம் புளி விட்டிருக்கலாம்" என்றார். முன்பு சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. நாமும் அந்த "ம்" என்பதைத் திரும்பப் பெறவில்லை. ஆயினும் போகும்போது, மகன் வீட்டு வாசலில் தொட்டியில் வைக்க ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது ஒரு சிக்கல். பந்தலின் நிழல் கத்தரியின் மேல் விழுகின்றது. இரண்டில் ஒன்றை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்கின்றார் தண்டல். எடுக்கும்போது தம்மையும் கூப்பிடச் சொல்லியிருக்கின்றார். எதை எடுப்பது என்று நாம் கேட்டதற்கு, அவர் கை கத்தரியின் பக்கமே நீண்டது.